பல்லுக்குப் பல் பதில்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பல் கிளினிக்கைச் சுற்றியே இருக்கின்றன. அதிலும் டாக்டரைப் பற்றி அல்ல. பல்லைச் சுத்தம் செய்து அனுப்புகிறாரே, அந்த டென்டல் ஹைஜீனிஸ்ட்டைப் பற்றி. யாரும் கண்டுகொள்ளாத அந்த மனிதருக்கு இந்தப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: பல்லில் இருக்கும் அழுக்கைச் சுரண்டுகிற வேலை. இதில் அறம், தர்மம் என்று பேச என்ன இருக்கிறது? (தையல்கடைக்காரர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் தைத்த சட்டையை வாடிக்கையாளர் போட்டுப் பார்க்கிறார். கை குட்டை என்றால் சண்டை போடுகிறார். தன் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தை யார் பார்க்க முடியும்? ஒழுங்காகச் சுத்தம் செய்தார்களா, கருவி சுத்தமானதா, சொன்ன நோய் இருக்கிறதா என்று எதையும் சோதிக்க வழியில்லை. பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் வேலைக்கு மனசாட்சி ஒன்றுதான் மேஸ்திரி.

கேள்வி: உலகத்தின் முதல் ஹைஜீனிஸ்ட் யார்? (ஆசிரியை, திருவாரூர்)

பதில்: ஐரீன் நியூமன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் ஊர்க்காரர். டாக்டர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1906இல் தன் உறவுக்காரப் பெண்ணும் உதவியாளருமான இவருக்கு வேலை கற்றுக்கொடுத்தார். 1913இல் இதற்கென்றே பள்ளி திறந்தார். 1917இல் முதல் லைசென்ஸ் நியூமனுக்கு. ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்று பெயர் வைத்ததும் ஃபோன்ஸ்தான். பல் கெட்டால்தான் பல் டாக்டருக்கு வரும்படி. கெடாமல் தடுக்க ஒரு டாக்டரே ஆள் தயார் செய்தார் பாருங்கள், இந்தத் தொழிலின் முதல் தர்மம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

கேள்வி: நம் நாட்டில் இவர்களுக்குச் சட்டம் ஏதாவது உண்டா, இல்லை கிளினிக்கில் கூட்டிப் பெருக்குகிறவரே கையுறை மாட்டிக்கொள்ளலாமா? (சேலம்)

பதில்: 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே ஹைஜீனிஸ்ட் யார் என்று சொல்கிறது: டாக்டர் அல்லாத, ஆனால் பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற, வாய்ச் சுகாதாரம் கற்பிக்கிற ஆள். இரண்டு வருஷ டிப்ளமோ, தனிப் பதிவேடு எல்லாம் உண்டு. பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. “நீங்க ரிஜிஸ்டர் பண்ணினவங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதும் முகம் கறுத்தால் செருப்பைத் தேடுங்கள், கிளம்புவதற்கு.

கேள்வி: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்கிறாள் என் மனைவி. ஆடாது என்கிறார் டாக்டர். யாரை நம்ப? (ஈரோடு)

பதில்: வீட்டில் இருக்க வேண்டுமே, இருவரையும் நம்புங்கள். பல்லில் காரை பல வருஷம் படிந்து, ஈறையும் எலும்பையும் கரைத்து, கடைசியில் பல்லை அதுவே பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் உண்மை நிலவரம் தெரிகிறது. ஆட வைத்தது காரை, காட்டிக்கொடுத்தது ஸ்கேலிங். ஆனால் “சில நாள் கூசும், பல் இடுக்கு தெரியும், பயப்படாதீங்க” என்று முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத ஹைஜீனிஸ்ட் பாதி வேலைக்கு முழுக் காசு வாங்கிவிட்டார்.

கேள்வி: ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படிநிலை என்று கோல்பர்க்கைப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். மண்டையில் ஏறவில்லை அங்கிள். (பல் மருத்துவ மாணவி, மதுரை)

பதில்: ஏற்றிவிடுகிறேன் மகளே. லாரன்ஸ் கோல்பர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆராய்ச்சி இது. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கக் காசில்லை, கணவன் திருடலாமா என்று பையன்களிடம் கேட்டார். திருடலாமா கூடாதா என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. ‘ஏன்’ என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

இப்போது உன் கையுறைக்கு வருவோம். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உட்காருகிறார், நீ கையுறையை மாற்றுகிறாய். டாக்டர் திட்டுவார் என்று மாற்றினால் முதல் படி. மாற்றினால் போனஸ் என்றால் இரண்டு. ‘பொறுப்பான பொண்ணு’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்றால் மூன்று. விதி அப்படி, விதி இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நடக்காது என்றால் நான்கு. நம்பி வந்தவரின் உரிமை, அதைக் காக்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்றால் ஐந்து. விதியே இல்லாத ஊரில், யாருமே பார்க்காத அறையில், அவர் உயிரும் என் உயிரும் ஒரே எடை என்று மாற்றினால் ஆறு.

ஆறு படியிலும் கையுறை மாறிவிட்டது, கவனித்தாயா? பெட்டியில் ஒரே ஜோடி மிச்சமிருந்து, வெளியே இரண்டு பேர் காத்திருக்கும் சாயங்காலத்தில்தான் நீ நிற்கும் படி தெரியும்.

கேள்வி: அந்த ஆறாம் படியில் நிற்பவர்கள் எத்தனை பேர்? (அதே மாணவியின் தோழி)

பதில்: கோல்பர்க்கே தேடிக் களைத்தார். போதிய ஆள் அகப்படாமல், பின்னாளில் மதிப்பெண் போடும் முறையிலிருந்தே ஆறாம் படியை எடுத்துவிட்டார்கள். நாலாம் படியில் அசையாமல் நிற்கும் ஹைஜீனிஸ்ட் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் பல்லை இன்றைக்கே ஒப்படைக்கிறேன்.

கேள்வி: பெண்களுக்கு ஒழுக்க வளர்ச்சி ஆண்களைவிடக் குறைவு என்று அந்த ஆள் சொன்னாராமே? (கோவை)

பதில்: அவர் முதலில் ஆராய்ந்தது பையன்களை மட்டும். அந்த அளவுகோலில் பெண்கள் பலர் மூன்றாம் படியில் நின்றுவிடுவதாக வந்தது. கரோல் கில்லிகன் 1982இல் ஒரு புத்தகம் போட்டு மடக்கினார்: நியாயம் பேசுவது ஒரு அறம் என்றால், எதிரே இருப்பவரின் வலியைக் கவனித்து நடப்பதும் அறமே. பின்னால் வந்த ஆய்வுகளில் ஆண், பெண் வித்தியாசம் மிகச் சொற்பம். ஆம்பளைப் பசங்களை வைத்து அளவுகோல் செய்துவிட்டுப் பெண்ணைக் குட்டை என்றால், கோலைத்தான் முறிக்க வேண்டும்.

கேள்வி: தெரியாமல் நடந்த பெரிய தவறு, தெரிந்தே செய்த சின்னத் தவறு. எது மோசம்? (இரண்டு குழந்தைகளின் அம்மா, பழனி)

பதில்: இதே கேள்வியைக் கதையாக்கிச் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் கேட்டார் ழான் பியாஜே. 1932இல் புத்தகமாக வந்தது. ஒரு பையன் கதவைத் திறக்க, பின்னாலிருந்த 15 கோப்பைகள் உடைகின்றன. அவனுக்கு அவை இருப்பதே தெரியாது. இன்னொருவன் அலமாரியில் இருக்கும் ஜாமைத் திருட நாற்காலியில் ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். பொடிசுகள் 15தான் பெரிய குற்றம் என்றன. கொஞ்சம் வளர்ந்தவை எண்ணிக்கையை விட்டு நோக்கத்தைப் பார்த்தன.

கிளினிக்கில் ஈறு தவறுதலாகக் கிழிந்து ரத்தம் வந்தால் அது 15 கோப்பை. சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், மருந்து வையுங்கள். தரையில் விழுந்த கருவியைத் துடைத்து மறுபடி வாயில் வைத்தால் ரத்தமே வராமல் இருக்கலாம். ஆனால் அது ஜாம் அலமாரி.

கேள்வி: கருவிச் சுத்தம் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதனால் நம் பக்கம் யாராவது செத்தா போனார்கள்? (வேலூர்)

பதில்: செத்தார்கள் ஐயா, உங்களுக்கு மிகப் பக்கத்தில். வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சையகத்துக்குப் போன 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்து, 8 பேர் இறந்தார்கள். 2023இல் நடந்தது. ஆராய்ந்தவர்கள் 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் எழுதினார்கள். கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி மறுபடி அதையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு புது சலைன் பாட்டில் என்ன விலை என்று பக்கத்து மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த விலையை நினைத்தால் கோபம் அடங்குவதில்லை.

கேள்வி: என் டாக்டர் தங்கமானவர். ஆனாலும் சில விஷயத்தில் தப்பு செய்கிறார். நல்லவர்கள் ஏன் தப்பு செய்கிறார்கள்? (நாகர்கோவில்)

பதில்: அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் இதைத்தான் நோண்டினார். சரியாக நடக்க நாலு திறமை வேண்டும் என்றார்: இங்கே ஒரு அறச் சிக்கல் இருக்கிறது என்று கண்ணில் படுவது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளைவிட அதை மேலே வைப்பது, கடைசிவரை செய்து முடிக்கும் தைரியம். நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி நகராது. உங்கள் தங்கமான டாக்டருக்குப் பெரும்பாலும் முதலாவதிலேயே கோளாறு. தப்பு என்று அவர் கண்ணுக்கே படவில்லை.

கேள்வி: ‘கண்ணில் படுவது’ என்பதை எப்படிப் பரீட்சை வைப்பது? (ஆராய்ச்சி மாணவர், திருச்சி)

பதில்: வைத்துவிட்டார்கள் தம்பி, அதுவும் பல் மருத்துவத்தில்தான். மின்னசோட்டா பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியில் மியூரியல் பெபோ என்ற அம்மையார் 1980களில் ஒரு தேர்வை உருவாக்கினார். டாக்டரும் நோயாளியும் பேசும் நாடகத்தை ஒலிப்பதிவாகக் கேட்க வைப்பார். சட்டென்று நிறுத்தி, “இப்போது நீங்கள்தான் டாக்டர், பேசுங்கள்” என்பார். இதில் சிக்கல் இருக்கிறது என்று கோடிகூடக் காட்ட மாட்டார். ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வகையும் அல்ல. நியாயத்தை நன்றாக அலசுகிறவர்கள் எல்லோரும் இதில் தேறவில்லை. சிக்கலைக் கண்டுகொள்வது வேறு, அலசுவது வேறு என்று தெரிந்தது. அறவியல் தாளில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, எதிரே இருக்கும் பாட்டி சேலை முந்தியைக் கசக்குவதைப் பார்க்காமல் போகலாம்.

கேள்வி: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: பழமொழி மரத்துக்கு ஐயா, மனிதருக்கு இல்லை. படிப்பு தொடரும்வரை அறத்தை அலசும் திறமையும் வளர்கிறது என்பது ரெஸ்ட் கண்டது. பெபோ இன்னும் ஒரு படி மேலே போனார். லைசென்ஸ் வாரியம் தண்டித்து அனுப்பிய பல் டாக்டர்களுக்கே தனி வகுப்பு எடுத்தார். வகுப்பு முடிந்தபோது அவர்கள் முன்னேறியிருந்தார்கள். மாட்டிக்கொண்ட பிறகு வளைந்தார்கள், சரி. வளைந்தார்களே!

கேள்வி: ‘வலியில்லா சிகிச்சை’ என்று எங்கள் தெருவில் பெரிய போர்டு. நம்பலாமா? (சென்னை, வடபழனி)

பதில்: இந்த வித்தைக்கு ஆதி குரு அமெரிக்காவின் எட்கர் பார்க்கர். பாண்டு வாத்தியக் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கினார். அலறல் பாண்டு சத்தத்தில் அமுங்கிவிடும். ஒரே நாளில் பிடுங்கியதாகச் சொல்லி 357 பற்களை மாலையாகப் போட்டுக்கொண்டார். ‘வலியில்லா’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் மிரட்டியதும், 1915இல் தன் பெயரையே சட்டப்படி ‘பெயின்லெஸ் பார்க்கர்’ என்று மாற்றிக்கொண்டார். வலி போகவில்லை, வழக்கு போய்விட்டது.

கேள்வி: ஒரு கிளினிக்கில் ஆயிரம் சொல்கிறார்கள், அடுத்த தெருவில் முப்பதாயிரம். ஒரே வாய்தானே? (விழுப்புரம்)

பதில்: 1997இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை தன் நிருபரை 28 அமெரிக்க மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் அனுப்பியது. அதே வாய், அதே எக்ஸ்ரே. மதிப்பீடு 500 டாலரிலிருந்து கிட்டத்தட்ட 30,000 டாலர் வரை வந்தது. நேர்மையாகவே இரண்டு டாக்டர்கள் மாறுபடலாம், அது வேறு விஷயம். “இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று மட்டும் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் பல்லைக் கொடுங்கள்.

கேள்வி: நோயாளியை அனுப்பினால் கமிஷன் வாங்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: கூடாது. 2014ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட அறநெறி விதிமுறைகள் பல் மருத்துவர்களுக்கு இதைத் தடை செய்கின்றன. அல்வா கொடுக்க வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி: இங்கே ஹைஜீனிஸ்ட்டாக இருக்கிறேன். சாதாரணச் சுத்தம் செய்துவிட்டு, இன்ஷூரன்ஸுக்கு ஆழமான ஸ்கேலிங் கோடு எழுதச் சொல்கிறார் டாக்டர். வேலை போய்விடும் என்று பயம். (தமிழ்ப் பெண், நியூஜெர்சி)

பதில்: பயம் நியாயமானது மகளே, அதை மட்டமாகப் பேச மாட்டேன். வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்கக் காப்பீட்டுக் குறியீடுகளில், அதாவது கோடுகளில், டி1110 என்றால் வழக்கமான சுத்தம். டி4341 என்றால் ஈறு நோய் வந்தவருக்கு வேர்வரை செய்யும் ஸ்கேலிங். இரண்டாவதற்குப் பணம் பல மடங்கு.

உன்னிடம் ஒரு ஆயுதம் இருக்கிறது. ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறு எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதியது உன் கை. 2, 3 மில்லிமீட்டர் என்று நீ எழுதிய பக்கத்தில் டி4341 உட்காரவே முடியாது. டாக்டரிடம் தனியாகப் போ. “ஆழம் இவ்வளவுதான் இருக்கு டாக்டர், இதுக்கு அந்தக் கோடு எப்படி எழுதறது, சொல்லிக்கொடுங்க” என்று கேள். குற்றம் சாட்டாதே, கேள்வியாகவே வை. பலர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். பின்வாங்காவிட்டால் அடுத்த வேலையைத் தேட ஆரம்பி, ஆனால் கோடை மாற்றாதே. மோசடி வெளியே வரும்போது பதிவில் இருப்பது உன் கையெழுத்து. தொங்குவது உன் லைசென்ஸ். தன் வாயில் இல்லாத நோயைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவரும் ஒருவர் இருக்கிறார். அவரையும் நினைத்துக்கொள்.

கேள்வி: ஹைஜீனிஸ்ட்டுகளுக்கென்று தனி அறநெறி உண்டா? (காரைக்குடி)

பதில்: அமெரிக்காவில் 1923இல் தொடங்கிய ஹைஜீனிஸ்ட் சங்கம் ஏழு மதிப்புகளை வைத்திருக்கிறது. நோயாளியின் சுயமுடிவு, ரகசியம், சமூகத்தின் நம்பிக்கை, தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நீதி, உண்மை. அவசரமான நாளில் முதலில் கழன்று விழுவது முதலாவதுதான். “வாயைத் திறங்க” என்று சொல்வதைச் சம்மதம் கேட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

கேள்வி: மருமகள் கர்ப்பம் என்று என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே உட்கார்ந்திருந்த மாமியார் “உள்ள என்ன சொன்னா?” என்று குடைகிறார். என்ன சொல்ல? (ஹைஜீனிஸ்ட், தஞ்சாவூர்)

பதில்: “அவங்களையே கேளுங்கம்மா.” இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. ‘ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு’ என்றுகூடச் சொல்லாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கும் என்பது மூன்று பிள்ளை பெற்ற மாமியாருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: எச்ஐவி உள்ளவர் பல் சுத்தம் செய்ய வந்தால் மறுக்கலாமா? (பயிற்சி மாணவர், கடலூர்)

பதில்: அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ராண்டன் பிராக்டன் என்ற டாக்டர், சிட்னி அபட் என்ற பெண்ணின் சொத்தையைத் தன் கிளினிக்கில் அடைக்க மாட்டேன் என்றார். 1994இல் நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோய் அறிகுறி இல்லாவிட்டாலும் எச்ஐவி தொற்று உள்ளவருக்கு அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் தீர்ப்பு வந்தது. இங்கே 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்கிறது.

சட்டத்தை விடுங்கள் தம்பி, கணக்கைப் பாருங்கள். சொல்லாதவர், தனக்கே தெரியாதவர் என்று தினமும் எத்தனையோ பேர் உங்கள் நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பாதுகாப்பு முறைதான். உண்மை சொன்ன ஒருவரைத் துரத்தினால் அடுத்து வருகிற பத்துப் பேருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள்.

கேள்வி: மிட்டாய் தின்றால் சொத்தை விழும் என்பதை எப்படி நிரூபித்தார்கள்? (ஏழாம் வகுப்பு மாணவன், தருமபுரி)

பதில்: சங்கடமான கதை கண்ணா, ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். சுவீடனில் லுண்ட் நகரத்தில் வீபெஹோல்ம் என்று ஒரு மனநலக் காப்பகம். அங்கே 1945 முதல் ஆராய்ச்சி நடந்தது. பல்லில் ஒட்டிக்கொள்ளும்படியே செய்த டாஃபி மிட்டாய்களைச் சாப்பாட்டுக்கு நடுநடுவே அங்கிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் அவர்கள். சம்மதம் கேட்கவில்லை. பலருக்குப் பற்கள் நாசமாயின. எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம், எவ்வளவு ஒட்டுகிறது என்பதுதான் முக்கியம் என்று உலகம் தெரிந்துகொண்டது. சுவீடன் பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தின்னும் வழக்கம் இதிலிருந்து வந்தது. அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கட்டியவர்கள் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள்.

கேள்வி: பல் தேய்க்காவிட்டால் எத்தனை நாளில் ஈறு கெடும்? (கல்லூரி விடுதி மாணவர், நாமக்கல்)

பதில்: உன்னைப் போன்றவர்களை வைத்தே பார்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற விஞ்ஞானியும் குழுவும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீக்கம். மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. 1965இல் வெளிவந்த ஆய்வு. லோவின் பெயரை நினைவில் வை, அடுத்த கேள்வியிலும் வருகிறார்.

கேள்வி: எங்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் பல்லை வைத்து வெளிநாட்டார் ஆராய்ச்சி செய்தார்கள் என்று அப்பா சொல்வார். உண்மையா? (ஹட்டன், இலங்கை)

பதில்: உண்மை. உலகெங்கும் ஈறு நோய்ப் பாடப்புத்தகங்களில் உங்கள் மலை இருக்கிறது. அதே ஹரால்ட் லோ, 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார். பல் சிகிச்சையோ தடுப்புத் திட்டமோ எட்டிப் பார்க்காத மக்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் ஈறு நோய் எப்படி நகரும் என்று பார்ப்பதுதான் நோக்கம். 1985 வரை, 15 வருஷம், திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நார்வேயில் படித்த, பல் டாக்டரிடம் ஒழுங்காகப் போகிற இளைஞர்கள்.

1986இல் முடிவு வந்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 81 சதவீதத்துக்கு நடுத்தரம். 11 சதவீதத்துக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. வேகக் கூட்டத்தில் 35 வயதுக்குள் பல்லின் பிடிமானம் சராசரி 9 மில்லிமீட்டர் போய்விட்டது. நடுக் கூட்டத்தில் 4. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே தேய்க்காத பல். ஆனாலும் உடம்புக்கு உடம்பு விதி வேறு என்று உலகத்துக்குத் தெரிந்தது இங்கிருந்துதான். மகத்தான அறிவு, மறுக்கவில்லை.

என் நெஞ்சில் குத்துவது வேறு. தேய்த்தால் ஈறு ஒரு வாரத்தில் ஆறும் என்று 1965இலேயே காட்டியவர் லோ. ஐந்து வருஷம் கழித்து, தேய்க்காத வாய்களைத் தேடி அளவுகோலோடு மலை ஏறினார். கோபன்ஹேகனிலோ ஆஸ்லோவிலோ 480 இளைஞர்களின் ஈறு கரைவதை 15 வருஷம் குறித்துக்கொண்டிருக்க யாராவது விட்டிருப்பார்களா? ஏழை, தமிழன், லயன் வீட்டுக்காரன் என்பதால்தான் அந்த வாய்கள் ‘இயற்கை வரலாறு’ ஆயின. உங்கள் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் அந்த ஆய்வைப் பாடத்தில் நடத்தக் கூடாதா? (பேராசிரியர், மதுரை)

பதில்: நடத்துங்கள் ஐயா. 8, 81, 11 என்று கரும்பலகையில் எழுதும்போது, பக்கத்தில் ‘480 தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்’ என்றும் எழுதுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். அதுதான் பாடம்.

கேள்வி: கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு தெரிகிறது. நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை இல்லை என்கிறார்கள். சும்மா இருந்துவிடலாமா? (ஹைஜீனிஸ்ட், ராமநாதபுரம்)

பதில்: நோய்க்குப் பெயர் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. சும்மா இருக்கவும் உரிமை இல்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள், பார்க்காமல் ஆளை வெளியே விடாதீர்கள். நோயாளியிடம் “புற்றுநோயா இருக்கும்” என்று குண்டு போட வேண்டாம். புகையிலை போடுகிறாரா என்று மட்டும், திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை ஒளிப்பார்.

கேள்வி: டாக்டர் தப்பு செய்வதைப் பார்த்தால் உதவியாளர் வாயைத் திறக்கலாமா? சம்பளம் கொடுப்பவர் அவராயிற்றே. (பெயர் வேண்டாம்)

பதில்: தப்பு இன்னும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது என்றால் அந்த விநாடியே. “டாக்டர், அது ஸ்டெரைல் இல்ல, வேற தரேன்.” குரல் உயரக் கூடாது, கை மட்டும் வேகமாக நீள வேண்டும். நடந்து முடிந்துவிட்டதென்றால் கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள், ஆனால் அன்றைக்கே. ரெஸ்ட் சொன்ன நாலாவது திறமை இதுதான். சம்பளம் குறைவாக வாங்குகிறவரிடம் தைரியத்தை அதிகமாகக் கேட்கிறது இந்தத் தொழில். அநியாயம்தான். ஆகவே இதைப் படிக்கிற டாக்டர்களுக்கு ஒன்று: உங்களை இடைமறித்த பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். அடுத்த தடவை அவள் யோசிக்க மாட்டாள்.

கேள்வி: வாயில் கருவியை விட்டுக்கொண்டே கேள்வி கேட்கிறார்களே, ஏன்? (கோவில்பட்டி)

பதில்: உங்கள் பயம் குறையட்டும் என்றுதான். “வெயில் ஜாஸ்தி இல்ல?”, “பொண்ணு என்ன படிக்கிறா?” எல்லாம் கேட்கட்டும், “ஆங்” என்றால் போதும். “இந்தப் பல்லையும் எடுத்துடலாமா?” என்ற கேள்வியை மட்டும் கருவியை வெளியே எடுத்து, நாற்காலியை நிமிர்த்திவிட்டுக் கேட்க வேண்டும்.